வத்தல் போட மெஷின் வேணுமா? வேலூர் வெயிலே போதும். கவனம் டப்பாவில் இருக்கட்டும்!

வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஒரு பக்கம் அமிர்தி காடு, அதற்குப் பின்னால் ஜவ்வாது மலை. அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இந்த வெயிலை நம்பித்தான் கொத்தவரங்காய், கத்தரிக்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி என்று ஒரு வருஷத்துக்கான வத்தலைப் பாட்டிமார்கள் போட்டு முடித்தார்கள். இப்போது அதே வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து, ஆன்லைனில் 'ஃபுட் டிஹைட்ரேட்டர்' விலை பார்க்கிறார்கள்.

வாங்கலாமா? பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. ஆனால், 'பாட்டி செய்தது எல்லாமே சரி' என்று கண்ணை மூடிக்கொள்வதும் தப்பு.

காயவைத்தால் ஏன் கெடுவதில்லை?

உணவைக் கெடுக்கும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் தண்ணீர் வேண்டும். உணவில் அவற்றுக்குக் கிடைக்கும் தண்ணீரை 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவால் குறிப்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. இது 0.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் எந்த நுண்ணுயிரும் வளர முடியாது. கவனிக்கணும்: வளராது, அவ்வளவுதான், செத்துப் போகாது. மறுபடி ஈரம் பட்டால் வேலையைத் தொடங்கிவிடும்.

வேலூர் வெயிலில் என்ன ஸ்பெஷல்?

வெயிலில் காயவைக்க 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், 60 சதவீதத்துக்குக் கீழே காற்றின் ஈரப்பதமும் இருந்தால் நல்லது. வேலூர்ப் பக்கம் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருப்பதால், மே மாதப் பிற்பகலில் இரண்டுமே கிடைக்கும். சென்னையில் வெப்பம் இருக்கும். ஆனால் மதியம் கடல்காற்று வந்ததும் ஈரம் ஏறிவிடும். அதே வத்தல் அங்கே காய ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆவது இதனால்தான்.

காய்கறியை வெயிலில் காயவைக்கவே வேண்டாம் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புக் கையேடுகளின் அறிவுரை. பழத்தில் இருக்கும் புளிப்பும் சர்க்கரையும் காய்கறியில் இல்லை. மெதுவாகக் காய்வதற்குள் கெட்டுவிடலாம். இந்தக் கவலைக்கு இங்கே ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது: உப்பும் புளித்த மோரும். மோர்மிளகாயைப் பகலில் வெயிலிலும் இரவில் மோரிலும் மாற்றி மாற்றிப் போடுவது ருசிக்காக மட்டுமல்ல. மோரின் புளிப்பும் உப்பும் சேர்ந்து, காய்ந்து முடியும்வரை கிருமிகளை அடக்கி வைக்கின்றன. காயை வெந்நீரில் லேசாக வாட்டி எடுப்பதும் உதவும். நிறம் மாறுவது குறையும், வேகமாகவும் காயும்.

தப்பு எங்கே நடக்கிறது?

மாடியில் குறைவு, டப்பாவில்தான் அதிகம். மேலே மொறுமொறு என்று இருக்கும் துண்டு உள்ளே ஈரமாக இருக்கலாம். சூடு ஆறுவதற்குள் மூடினாலும் உள்ளே வியர்த்துவிடும். எளிய சோதனை இது: நன்றாக ஆறிய வத்தலைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். ஜாடியின் உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் திரும்ப மாடிக்கு. தெரியவில்லை என்றால் இருட்டான, குளிர்ந்த இடத்துக்கு. சாயங்காலம் பனி இறங்கும் முன் தட்டுகளை வீட்டுக்குள் எடுத்து வைப்பதும் முக்கியம்.

மழைக்காலத்தில் பூஞ்சை பூத்த வத்தலைத் தட்டிவிட்டு, மறுபடி வெயிலில் வைத்து, எண்ணெயில் பொரித்துச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இதை விட்டே ஆகணும். சில பூஞ்சைகள் சுரக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நஞ்சு. வீட்டுச் சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. பூஞ்சை வந்ததா? மொத்தமும் குப்பைக்கு.

உப்பிலும் ஒரு கண் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வத்தல் போட்ட குழம்புக்குத் தனி உப்பைக் குறைத்தே ஆகணும்.

அப்போ மெஷின் யாருக்கு?

மாடி இல்லாத ஃபிளாட்காரர்களுக்கும், கடலோர ஊர்க்காரர்களுக்கும், மழை நாளில் காயவைப்பவர்களுக்கும். 500 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட். காய்கறிக்கு 55 முதல் 60 டிகிரி போதும். அதற்கு மேல் வைத்தால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

வீட்டைத் தாண்டியும் ஒரு கணக்கு

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வரத்து கொட்டும் மாதங்களில் அதே தக்காளியைப் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டுகிறார்கள். தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். 10 கிலோவைக் காயவைத்தால் ஏறக்குறைய 650 கிராம். அலமாரியில் ஒரு மூலை போதும்.

2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம், 35 சதவீத மானியத்தை வங்கிக் கடனோடு சேர்த்துத் தரும் வகையில் அமைக்கப்பட்டது. தொழில் தொடங்குபவருக்கு அது சரி. இரண்டு கூடை தக்காளி மிஞ்சிய விவசாயியோ, சீசனில் மட்டும் வத்தல் போடும் சுயஉதவிக் குழுப் பெண்ணோ கடன் வாங்கப் போவதில்லை. அவர்களுக்குத் தேவை, வாடகைக்குத் தட்டு கிடைக்கும் ஒரு பொதுச் சூரிய உலர்த்திக் கூடம். ஒன்றியத்துக்கு ஒன்று போதும். தூசியும் ஈயும் பறவையும் அண்டாது. கணியம்பாடி போன்ற ஒன்றியத்தில் இதைத் தொடங்கலாம். அதற்கான எரிபொருளுக்கு யாரும் பில் அனுப்பப் போவதில்லை.