முதலில் உலை, பிறகு தவணை

தவணை நாள் நெருங்கினால் நம் கிராமங்களில் முதலில் வெட்டப்படுவது சாப்பாட்டுச் செலவே. அதிலும் தாயின் பங்கே முதலில் குறைகிறது. இது சிக்கனமன்று, உடலிடம் வாங்கும் இன்னொரு கடன்.

மலிவாக உண்ண வழியுண்டு. வேலி முருங்கையிலையும் குரக்கன் கூழும் அவித்த பயறும் வெறும் பாணைவிடச் சத்துள்ளவை. சோற்றோடு பருப்பு சேர்ந்தால் புரதமும் நிறைவாகும். ஆனால் கீரையால் மட்டும் கடன் தீராது.

2018 இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எனவே கடன் தனி வீட்டின் வெட்கமன்று, ஊரின் பிரச்சினை. அறுவடைக்கு ஒருமுறை வருமானம் காணும் குடும்பத்திடம் வாரந்தோறும் பணம் கேட்பது நியாயமா? மாதர் சங்கங்கள் கூடித் தவணையை மாற்றக் கோரட்டும். உணவுக்கு ஒதுக்கிய பின் எஞ்சுவதிலேயே தவணை கட்டச் சம்மதிப்போம்.