மவுஸுக்கு வந்த மவுசு

இரண்டு தீபாவளிக்கு முன்னால் என் பேரன் கேட்டது பட்டாசும் இல்லை, புதுச் சட்டையும் இல்லை. "தாத்தா, எனக்கு ஒரு கேமிங் மவுஸ் வாங்கித் தாங்க" என்றான். அப்போது அவன் ஏழாம் வகுப்பு. அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடைப் பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்றின்மேல் 6,400, இன்னொன்றின்மேல் 12,000, மூன்றாவதன்மேல் 16,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எண் ஏற ஏற விலையும் ஏறியது. திறந்து காட்டச் சொன்னேன். "சீல் உடைத்தால் எடுத்தே ஆக வேண்டும் அங்கிள்" என்றான். பேரனின் முகத்தைப் பார்த்தேன். 16,000-ஐயே வாங்கிவிட்டேன். விலை 3,000 ரூபாயைத் தாண்டியது.

அது நான் செய்த தவறு. நம் சங்க அன்பர்களும் அதையே செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மவுஸைப் பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணுக்காக வாங்கக் கூடாது. அதைப் பிடிக்கப் போகிற கைக்காக வாங்க வேண்டும்.

அந்த எண் என்ன என்று முதலில் பார்ப்போம். டி.பி.ஐ. என்கிறார்கள். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கணினிக்கு எத்தனை புள்ளி நகர்ந்ததாகக் கணக்குச் சொல்லும் என்பதுதான் அது. எங்கள் வீட்டுத் திரையின் அகலம் 1,920 புள்ளிகள். 800 டி.பி.ஐ. வைத்தால், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 16,000 வைத்தால்? வெறும் 3 மில்லிமீட்டர்! ஒரு கட்டெறும்பின் நீளம்கூட இல்லை. மூன்று மில்லிமீட்டருக்குள் 1,920 புள்ளிகளில் ஒன்றைக் குறிபார்த்து நிறுத்த எந்த மனிதனின் கையால் முடியும்? மூச்சு விட்டாலே அம்புக்குறி ஓடிவிடும்.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பேரனிடம் காட்டினேன். அவன் சொன்ன பதில்தான் எனக்கு ஆச்சரியம். "ஆமாம் தாத்தா, பெரிய பிளேயர் எல்லாம் 400, 800, 1600-லதான் வைப்பாங்க" என்றான். விசாரித்துப் பார்த்ததில் உண்மைதான். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில் பணப் பரிசுக்குப் போட்டியிடும் தேர்ந்த ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தச் சின்ன எண்களிலேயே ஆடுகிறார்கள். விளையாட்டுக்குள் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நகர்த்துகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். அப்படியானால் 16,000 யாருக்கு? பெட்டிக்குத்தான்.

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது புதிய பாடம் அல்ல. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-இல் தயாரித்த முதல் வந்தே பாரத் ரயில், சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த வகை ரயில் 2023 ஜனவரி 15 முதல் நம் செகந்திராபாத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஓடுகிறது. ஆனால் 180-இல் ஓடுவதில்லை. தண்டவாளம், வளைவு, பாலம், சிக்னல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வேகம். மவுஸை எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், அதன் அடியில் விரிக்கும் மவுஸ் பேட்தான் தண்டவாளம். வண்டியை ஓட்டுபவர் கை. நாமோ எஞ்சினுக்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம்.

நானும் மறந்தேன். வாங்கி வந்த மவுஸைப் பேரன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். மேஜைக்குமேல் கண்ணாடி. அம்புக்குறி நின்றது, குதித்தது, பிறகு காணாமல் போனது. இப்போதைய மவுஸின் வயிற்றில் ஒரு சிறு விளக்கும் ஒரு சிறு கேமராவும் இருக்கின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கில் தரையைப் படம் பிடித்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகின்றன. ஒளி ஊடுருவிப் போகும் கண்ணாடியில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? செய்தித்தாளை விரித்தோம், கசங்கியது. கடைசியில் ரப்பர் அடியும் துணி மேலுமாக ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பேட் வாங்கினேன். விலை 400 ரூபாய். 3,000 ரூபாய் செய்யாததை அந்த 400 ரூபாய் செய்தது. அம்புக்குறி சொன்ன பேச்சுக் கேட்டது.

பேட் விஷயத்தில் எங்கள் வீட்டு அனுபவம் இன்னொன்று. ஹைதராபாத் கோடையில் உள்ளங்கை வியர்வையும் ஜன்னல் தூசியும் சேர்ந்து, இரண்டு மாதத்தில் பேட்டின் நடுப்பகுதி பிசுபிசுத்துவிடும். ஓரத்தில் வழுக்கும், நடுவில் இழுக்கும். மவுஸ் கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் தேய்த்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வீணாகிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மூன்று மாதம் ஆனதும் பேரன் மணிக்கட்டு வலிக்கிறது என்றான். முதலில் விளையாட்டை நிறுத்து என்று சத்தம் போட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, உட்காரும் முறையை மாற்றுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அதற்கு முன் ஒருநாள்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் கைக்குச் செய்த கனமான மவுஸ் அது. அவன் விரல்கள் பொத்தானை எட்ட, உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. மேஜை உயரம், நாற்காலி பள்ளம். முழங்கையைவிட மேஜை மேலே இருந்ததால் தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை மடித்து, அந்த மடிப்பிலேயே எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தான். அம்புக்குறி அதிவேகத்தில் இருந்ததால் அது பதறாமல் இருக்க விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தான்.

நாற்காலியில் ஒரு தலையணை போட்டேன். கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு பலகை. டி.பி.ஐ.யை 800-க்குக் குறைத்தோம். பேட் அகலமாக இருந்ததால் முழங்கையிலிருந்து கையை நகர்த்தப் பழகினான். பிறகு ஒரு நண்பன் வீட்டில் நாலைந்து மவுஸ்களைப் பிடித்துப் பார்த்து, தன் கைக்கு அடக்கமான சின்ன மவுஸ் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்தான். விலை 900 ரூபாய். வலி போயிற்று. தினம் ஒரு மணி நேரம்தான் என்று பேசி முடிவு செய்ததும் அதற்கு ஒரு காரணம். பெரிய மவுஸ், பெரிய கைக்காரரான என் மாப்பிள்ளைக்குப் போயிற்று. கச்சிபௌலியில் கணினி வேலை. அவருக்கு அது அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. பொருளில் குறை இல்லை. தப்பான கைக்கு வாங்கியதுதான் குறை.

மவுஸ் என்ற கருவியே கையில் கொடுத்துச் சோதித்துத்தான் உலகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-இல் முதல் மவுஸைச் செய்தார். மரக்கூடு, அடியில் இரண்டு சக்கரம். உடனே அதுதான் சிறந்தது என்று அவர்கள் பறைசாற்றவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியவற்றோடு இதையும் ஆட்களிடம் கொடுத்து, யார் எவ்வளவு விரைவாக, எத்தனை பிழையோடு குறியைத் தொடுகிறார்கள் என்று அளந்தார்கள். பழகியவர்கள் கையில் மவுஸ் முந்தியது. 1968 டிசம்பர் 9-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதைப் பொதுமேடையில் காட்டினார்கள். கையை அளந்து பிறந்த கருவியை இன்று கையில் தொடக்கூட விடாமல் சீல் வைத்து விற்பது என்ன நியாயம்? செருப்புக் கடையில் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா?

பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஹெர்ட்ஸ். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 தடவை, கேமிங் மவுஸ் 1,000 தடவை கணினிக்குச் செய்தி அனுப்பும். அதாவது 8 மில்லி செகண்டுக்குப் பதில் 1 மில்லி செகண்டு. ஆனால் நம் வீட்டுச் சாதாரணத் திரை மாறுவதே சுமார் 17 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிதல்ல. இன்னொன்று, பொத்தான் இரண்டு கோடி, ஐந்து கோடி தட்டுகளைத் தாங்கும் என்பது. மாப்பிள்ளையிடம் போன மவுஸ் ஒரு வருட உத்தரவாதம் முடிந்த மறு மாதமே ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு அடிக்க ஆரம்பித்தது. "மாமா, ஒரு ஃபைலைத் தொட்டால் திறந்துகொள்கிறது" என்றார்.

இந்த வியாதியை நான் அறிவேன். சிக்னல் பகுதியில் ரிலேக்களோடு காலம் கழித்தவன். இரண்டு உலோகம் மோதும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை, ஓரிரு மில்லி செகண்டு துள்ளும். மவுஸில் உள்ள சில்லு அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து ஒரே தட்டாக எண்ணும். காண்டாக்ட் தேய்ந்தாலோ ஆக்சைடு படிந்தாலோ துள்ளல் நீண்டு, ஒன்று இரண்டாகிவிடும். மருந்து, அந்தச் சின்ன சுவிட்சை மாற்றுவதுதான். செகந்திராபாத் பார்க் லேனில் நாம் சி.டி.சி. என்று சொல்லும் சினாய் டிரேட் சென்டர் பக்கம் போனால் கணினிச் சாமான் எதுவும் கிடைக்கும். சுவிட்ச் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனையும் வைத்துக்கொண்டு திறந்தேன். திருகுகள் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருந்தன. பழைய சுவிட்சை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தோம். மவுஸ் இன்றும் ஓடுகிறது. 3,000 ரூபாய்ப் பொருள் ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காகக் குப்பைக்குப் போக இருந்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தையே தொடங்கியிருக்கிறது. திருகை ஒளித்து வைக்காமல் இருப்பதிலிருந்து தயாரிப்பாளர்கள் ஆரம்பிக்கலாமே.

விளையாட்டுக் கருவிக்கு இத்தனை பேச்சா, சூதாட்டத்தில் கொண்டுபோய் விடாதா என்று சில அன்பர்கள் கேட்கலாம். பயம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமைப் போட்டியாகிய இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். தவிர, கேமிங் மவுஸை விளையாட்டுப் பிள்ளைகள் மட்டுமா பிடிக்கிறார்கள்? இந்த ஊரில் நம்மவர் பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க மவுஸ் பிடித்துத்தான் சம்பாதிக்கிறார்கள். மணிக்கட்டு வலி அவர்களுக்கும் உண்டு.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற கோடை விடுமுறையில் நம் சங்கத்தில் ஒரு மாலை ஒதுக்கலாம். அவரவர் வீட்டு மவுஸையும் பேட்டையும் கொண்டுவந்து ஒரு மேஜையில் வைப்போம். பிள்ளைகளும் பெரியவர்களும் எல்லாவற்றையும் பிடித்துப் பார்க்கட்டும். எது யார் கைக்கு அடக்கம் என்று தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போகலாம். ஓடாத பழைய மவுஸ் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பற்றவைக்கும் கருவியோடு நானும் பேரனும் வருகிறோம்.