ஞாயிறு காலையில் தெரு யாருக்கு?

மோட்டார் வாகனம் ஓடாத பாதையில் துவிச்சக்கர வண்டிகள் அச்சமின்றிச் செல்ல வழி செய்யவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எம்மவர் இருவகையாக மறுமொழி கூறுவதைக் காண்கிறோம். படித்த கனவான்கள், "அது பணக்கார நாடுகளின் ஆடம்பரம்" என்கின்றனர். கமக்காரர்களோ, "அதற்கும் எங்கள் காணியைத்தானா வெட்டப்போகிறீர்கள்?" என்று கேட்கின்றனர். முதலாவது அறியாமையிற் பிறந்த மறுமொழி. இரண்டாவது அனுபவத்திற் பிறந்தது. ஆகையால் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம். துவிச்சக்கர வண்டி என்றதும் தேர்தற் சின்னம் ஒன்றை நினைத்துக்கொள்ளும் அன்பர்கள் பொறுத்தருள்க. நாம் பேச வந்தது தெருவில் ஓடும் இரண்டு சில்லு வண்டியைப் பற்றியே.

காணி என்ற சொல் எம் மக்களின் காதில் எவ்வாறு விழும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தம் சொந்தத் தோட்டத்தை முட்கம்பி வேலிக்கு வெளியில் நின்று பார்த்தவர் எத்தனையோ பேர். பாதுகாப்பின் பெயராலே நிலம் இழந்தவனிடம் போய், சைக்கிள் ஓடுவதற்கு இரண்டு யார் அகலம் விட்டுக்கொடு என்று கேட்க எவருக்கு வாய் வரும்? நாம் கேட்கப் போவதில்லை. ஓர் அங்குலக் காணியும் எடுக்காமலே இக்காரியத்தை முடிக்கலாம் என்பதே எமது வாதம். அவ்வாறு முடித்துக் காட்டிய ஊர் ஒன்று உண்டு.

அது தென் அமெரிக்காவிலே கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2600 மீற்றர் உயரத்தில் உள்ளது. நீண்ட உள்நாட்டுப் போரிலே இரத்தஞ் சிந்திய நாடு அது. பணக்கார நாடென்று எவரும் சொல்லார். 1974 டிசெம்பர் 15ஆந் திகதி, மோட்டார்க் கார்கள் பெருகி நகரை விழுங்குவதைப் பொறாத சிலர் ஒன்றுகூடி, அனுமதி பெற்று, முக்கியமான தெருக்களைச் சில மணி நேரம் கார்களுக்கு மூடினர். கட்டடக் கலைஞரான ஹைமே ஒர்த்திஸ் மரீனியோ அவர்களுள் முன்னின்றவர். ஆயிரக்கணக்கான மக்கள் சைக்கிளுடன் தெருவிலே திரண்டனர். 1976இல் நகர முதல்வர் லூயிஸ் பிரியெட்டோ ஒகாம்போ அதனை ஆணை மூலம் நகரின் நிரந்தர ஏற்பாடாக்கினார். அம்மக்கள் அதற்கு இட்ட பெயர் சிக்லோவியா. சைக்கிள் வழி என்பது பொருள்.

ஞாயிறுதோறும், அரசாங்க விடுமுறை நாள்தோறும், காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அந்நகரில் 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தெருக்கள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. எவ்வாறு மூடுகிறார்கள் என்பதை நம் சபை உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும். இரட்டைப் பாதையுள்ள பெருந்தெருவிலே பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் மூடி, மறுபக்கத்தில் வாகனங்களை இரு திசையிலும் விடுகின்றனர். குறுக்குத் தெருக்களை மூடுவதில்லை. சந்திகளிலே சீருடை அணிந்த இளைஞர் நிறுத்தற் பலகையுடன் நின்று, முதலில் சைக்கிள்களையும் பின்னர் கார்களையும் முறைவைத்து அனுப்புகின்றனர். இரண்டு மணியானதும் தடுப்புகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் தெரு பழைய தெருவாகிவிடுகிறது. இதற்கென ஒரு மதில் இடிக்கப்பட்டதில்லை. ஒருவர் காணியும் சுவீகரிக்கப்பட்டதில்லை. எடுத்துக்கொண்டது நேரத்தை மட்டுமே.

அத்தெருக்களில் வருவோர் யார்? பந்தய வண்டியில் விரைபவனும் வருகிறான். நேற்றுத்தான் மிதிக்கப் பழகிய ஆறு வயதுப் பிள்ளையும் வருகிறது. பேரப்பிள்ளையை முன்னிருத்தி மெல்ல மிதிக்கும் கிழவர், சக்கர நாற்காலியில் வருபவர், நடப்பவர், ஓடுபவர் எல்லோருக்கும் இடமுண்டு. ஏனெனில் கார்களுக்கென்று போட்ட அகலமான தெருவையே அவர்கள் பெற்றுக்கொண்டனர். விரைபவன் மெல்ல வருபவரை இடிக்காமல் விலகிச் செல்ல அதிலே இடம் உண்டு. ஒதுக்குப்புறமாக ஒரு குறுகிய பாதையை வெட்டிக் கொடுத்திருந்தால், வலியவன் வழியைப் பிடித்துக்கொள்ள, மெலியவன் வீட்டிலே இருந்திருப்பான்.

இது கற்பனை அன்று. சட்டத்தையும் ஒழுங்கையும் எமக்குக் கற்பித்ததாகச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்திலே நடந்ததைப் பாருங்கள். அங்கே கைவிடப்பட்ட ரயிற் பாதைகளைச் சைக்கிள் பாதைகளாக்கினர். பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கிடையே 1979 முதல் 1986 வரை தொண்டர்களின் உழைப்பையும் கொண்டு அமைத்த 13 மைல் பாதை அருமையானது, அதனைக் குறைகூறோம். அவ்வழி வளர்ந்த தேசியச் சைக்கிள் பாதை வலையமைப்பை நடத்தும் அறநிறுவனம், அக்காலத்தில் சஸ்டிரான்ஸ் என்ற பெயருடன், 2018இல் தன் பாதைகளைத் தானே சோதித்தது. வாகனம் ஓடாத பகுதி மூன்றிலொரு பங்கே என்று கண்டது. அந்தப் பகுதியிலும் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட தடுப்புகள் இருந்தன! மோட்டார்ச் சைக்கிள்காரர் புகாதபடி இரும்பாலே வளைத்தும் நெளித்தும் வைத்த வாயில்கள் அவை. மோட்டார்ச் சைக்கிள்காரன் எப்படியோ புகுந்துவிடுவான். புக முடியாதவர் மூன்று சில்லு வண்டியில் வரும் ஊனமுற்றவரும், பிள்ளைகளைப் பெட்டியில் வைத்து மிதித்து வரும் தாயும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அந்நாட்டிலே இருக்கத்தக்கதாகவே இந்நிலை. 2020 யூலையில் அரசாங்கம் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, இத்தகைய தடுப்புகளைத் தவிர்க்கவேண்டும் என்று கூறவேண்டியதாயிற்று. பாதையை முதலில் அமைத்துவிட்டு, அதிலே யார் வரலாம் என்பதைப் பின்னர் யோசித்ததன் பலன் அது.

இனி எம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தைப் போலச் சமதரையான, சைக்கிளுக்கென்றே அமைந்தாற்போன்ற பிரதேசம் இத்தீவில் அரிது. தொண்ணூறுகளிலே எரிபொருள் தடைப்பட்டபோது எம்மை நடமாட வைத்தது இந்த வண்டி. நோயாளியையும், விறகையும், வெங்காய மூடையையும் அதுவே சுமந்தது. 2022இலே பெற்றோல் இல்லாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, மூலையிற் கிடந்த வண்டிகளைத் துடைத்தெடுக்காத வீடு எது? பெற்றோல் வந்ததும் மறந்தோம். இன்று தோட்டத்திலிருந்து சந்தைக்கு மிதித்துச் செல்லும் கமக்காரன் பின்னால் வரும் ரிப்பர் லொறியின் சத்தத்திலே பாதையை விட்டு இறங்குகிறான். பிள்ளை தனியார் வகுப்புக்குப் போய்த் திரும்பும் வரை தாய் படலையடியில் நிற்கிறாள். போரிலே காலிழந்து கையால் மிதிக்கும் முச்சக்கர வண்டியில் வருவோர் பிரதான வீதிக்கு வருவதையே விட்டுவிட்டனர். ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அதிகாரம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்றன வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் உள்ளன. அவற்றைத் தொடக்கத்திலே தொடவேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை அல்லாத மாகாண வீதிகள் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரியவை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த கதையை வேறொரு நாள் எழுதுவோம். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி நிருவகிப்பதும், மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் பிரதேச சபையின் பொறுப்பு என்று அது விதிக்கின்றது. 2025 மேயில் தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. கூடியவர்கள் தெருவிளக்குப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. வாகனத்தை மறிப்பதற்குப் பொலிசாரின் இணக்கம் தேவை. அதனைச் சபை எழுத்திலே கேட்கவேண்டும். மறுத்தால் மறுப்பையும் காரணத்தையும் எழுத்திலே பெறவேண்டும்.

ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் உள்வீதிகளில் மூன்று நான்கைத் தொடுத்து, வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரு சுற்றை வரையட்டும். பொகோட்டா குளிரான ஊர். எமக்கு வெயில் ஏறுமுன், காலை 6 மணி முதல் 9 மணி வரை போதும். சந்திதோறும் நிற்பதற்கு விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் ஆள் தரும். குன்று குழிகளைச் சபை நிரப்பவேண்டும். அகற்ற முடியாத எந்தத் தடுப்பும், இங்கிலாந்தைப் போல இரும்பு வாயிலும் வைக்கலாகாது. இரண்டு வாங்குகளும் ஒரு கயிறும் போதும்.

கமக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பர். ஞாயிறு காலையில் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லாண்ட் மாஸ்டர் எவ்வழியாற் போவது? அவர் போகும் வழியைச் சுற்றுக்குள் சேர்க்கக்கூடாது என்பதே விடை. தெருக்களைத் தெரிவதற்குமுன் அத்தெருவில் வீடும் தோட்டமும் உள்ளவர்களைக் கூட்டிக் கேட்கவேண்டும். அம்புலன்ஸ் வந்தால் கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிடம் செல்லாது. செத்தவீடு விழுந்த தெருவை அன்று விட்டுவிடலாம். கலியாண வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொன்னால் அவருக்கும் அப்படியே.

தொடங்கியபின் கைவிடுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. பொகோட்டாவிலும் ஆணை இருந்தும் கவனிப்பாரின்றிச் சைக்கிள் வழி சுருங்கிப் போய்விட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நகர முதல்வர் அந்தனாஸ் மொக்குசின் காலத்திலே, பூங்காக்களுக்குப் பொறுப்பாயிருந்த கில் பெனலோசா அதனை எடுத்து நிறுத்தி நூறு கிலோமீற்றர் அளவுக்கு வளர்த்தார். 2007இல் அதன் நேரத்தை மாற்ற அந்நாட்டுக் காங்கிரசிலே ஒரு பிரேரணை கொண்டுவரப்பட்டபோது மக்கள் எதிர்த்தெழுந்தனர், அது நிறைவேறவில்லை. முப்பது ஆண்டு அனுபவித்த தெருவை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

எந்தக் கட்சி உறுப்பினராயினும் தம் சபையின் அடுத்த கூட்டத்திலே இதற்கான பிரேரணையைக் கொண்டுவர முன்வந்தால், அதனைச் சட்டத்துக்கு அமைய வரைந்து கொடுக்கவும், பொலிசாருக்கான கடிதத்தை எழுதிக் கொடுக்கவும் நாம் ஆயத்தமாயிருக்கிறோம். கட்டணம் இல்லை. தெருக்களின் பட்டியலை மட்டும், அங்கே குடியிருப்போரின் கையொப்பத்துடன், உறுப்பினரே கொண்டுவரவேண்டும்.