ஆல்பா என்றொரு புனைவு

நாயைப் பழக்குவது பற்றி இலக்கியம் பேசுகிறவர்கள் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கப்படலாம். ஒரு பிழையான கதை, அதைப் பரப்பியவரே மறுத்த பின்னும் எவ்வாறு சாகாமல் உலவுகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று நமக்குக் கிட்டவில்லை.

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியோடு வளர்ந்தவர்கள் நாம். மாட்டுக்குச் சொன்னதை நாய்க்கும், பள்ளிப் பிள்ளைக்கும் கூச்சமின்றி நீட்டிக்கொண்டோம். இதே எண்ணம் மேலைநாடுகளில் அறிவியலின் வேடம் பூண்டு வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். விலகிச் செல்ல வழியற்ற அந்த அடைப்பில் ஓநாய்கள் ஓயாமல் பூசலிட்டன. மேலே நின்றது 'ஆல்பா' ஆயிற்று. டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூல் அச்சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. பின்னர் அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்தார். அங்கே அவர் கண்டது தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் கொண்ட ஒரு குடும்பத்தை. 1999இல் அதைக் கட்டுரையாக்கித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். பழைய நூலை அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்தை நெடுங்காலம் வேண்டி, 2022இல்தான் அது நின்றது. சிறைச்சாலையைப் பார்த்துவிட்டுக் குடும்பத்துக்கு இலக்கணம் வகுத்த கதை இது.

ஆனால் ஆல்பாவுக்கு அழிவில்லை. 2004 முதல் 2012 வரை ஓடிய சீசர் மில்லனின் தொலைக்காட்சித் தொடர், வீட்டு எசமானனைக் 'கூட்டத் தலைவன்' ஆக்கியது. அதற்கும் முன்னால் 1962இல் வெளிவந்த வில்லியம் கோலரின் நூல், தோட்டத்தில் குழி பறிக்கும் நாயின் தலையை அதே குழியில் நீர் நிரப்பி அமிழ்த்தச் சொன்னது. அந்நூல் அமெரிக்க வீடுகளில் கைநூலாகப் புழங்கியது. இதைப் படித்துப் பதறாமல் பயன்படுத்திய ஒரு தலைமுறை இருந்தது என்பதே நமக்கு அச்சமூட்டுகிறது.

இம்முறை ஏன் நீடிக்கிறது? அடித்தவுடன் நாய் நின்றுவிடுகிறது. நின்ற அந்தக் கணம் அடித்தவனுக்குக் கிடைக்கும் பரிசு. ஆகவே மறுமுறையும் அடிக்கிறான். இங்கே உண்மையில் பழக்கப்படுபவன் மனிதன்தான்.

பரிசு வழி நாய்களிடம் வந்த பாதை சுவையானது. கேரன் பிரையர் 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கியவர். டால்ஃபினுக்குக் கழுத்துச் சங்கிலி மாட்ட முடியாது. கோபித்தால் நீந்திப் போய்விடும். எனவே சரியான அசைவு நிகழும் கணத்தில் ஓர் ஊதல், அதன்பின் மீன். மீனைவிட ஊதல்தான் முக்கியம். 'நீ இப்போது செய்தாயே, அது' என்று சுட்டும் சொல் அது. நாய்க்கு அந்த ஊதலே 'கிளிக்கர்' என்ற சிறு கருவியாயிற்று. 1984இல் வந்த அவரது நூல் இதைப் பரவலாக்கியது. வன்முறைக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில்தான் மனிதன் பிற உயிரோடு பேசக் கற்றான் என்பதை ஆல்பாவாதிகள் சற்று எண்ணிப்பார்க்கட்டும்.

'இது லஞ்சம்' என்பார்கள். லஞ்சம் செயலுக்கு முன்னே நீட்டப்படுவது. பரிசு செயலுக்குப் பின்னே வருவது. திறமையான பயிற்சியாளர் நாய் கற்றபின் தின்பண்டத்தை எப்போதாவது மட்டுமே தருகிறார். நாய் கற்றதை மறப்பதில்லை. மாதச் சம்பளத்தை லஞ்சம் என்று யாரும் மறுத்ததாகவும் நாம் அறியோம்.

பரிசை வழிபடச் சொல்லவில்லை. ஸ்கின்னரிடம் பயின்ற பிரேலண்ட் தம்பதியர் 1961இல் எழுதிய கட்டுரையில் ஒரு ரக்கூன் வருகிறது. நாணயத்தை உண்டியலில் போட்டால் உணவு. அதுவோ இரு நாணயங்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தது, உணவைக் கழுவுவது போல. இயல்பூக்கத்தைப் பரிசால் விலைக்கு வாங்க முடியவில்லை. எசமானனின் திட்டத்துக்குள் அடங்காத அந்த ரக்கூனை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2020இல் போர்த்துகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை ஆய்ந்தார்கள். தண்டனை மிகுந்த பள்ளிகளில் பயின்றவற்றிடம் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் கூடுதலாக உயர்ந்தது. தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்கள், உணவு இருக்குமோ இராதோ என்று ஐயமூட்டும் கிண்ணத்தை மெதுவாகவே அணுகின. நம்பிக்கை இழந்த நடை அது. நாய்களைப் பள்ளிக்குப் பள்ளி சீட்டுப்போட்டுப் பிரிக்காத ஆய்வு என்பது அதன் குறை. ஆயினும் எதிர்த்தரப்பில் கண்ணைத் திறந்து காட்ட ஒரு கிண்ணம்கூட இல்லை.

வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிப் பட்டையை 2010இலேயே தடைசெய்தது. அதிர்ச்சி தருகிறவர்கள் பெருமையோடு காட்டுவது, உறுமுவதை நிறுத்திய நாயை. உறுமல் ஒரு சொல்: 'அருகே வராதே.' அந்தச் சொல்லை அடித்துப் பறித்துவிட்டால் அச்சம் உள்ளேயே இருக்கிறது, எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. பின்னர் அது கூடத்தில் விளையாடும் குழந்தையைக் கடிக்கும்போது, 'திடீரென்று கடித்துவிட்டது' என்கிறார்கள்.