மிக்-21 ஓய்வு பெற்றாலும் பேட்ச் மட்டும் ஏன் பேசப்படுது? அபிநந்தன் படைப்பிரிவு முதல் சூலூர் வரை

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விமானப்படை விடைகொடுத்தது. 62 ஆண்டு சேவை முடிந்துவிட்டது. ஆனால் அதை ஓட்டிய படைப்பிரிவுகளின் பெயரும் சின்னமும் அழிவதில்லை. விமானிகளின் உடையில் ஒட்டப்படும் துணி பேட்ச்களில் அவை தொடர்கின்றன.

சின்னமும் பேட்ச்சும் ஒன்றா?

இல்லை. ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் எளிதில் மாறாத அதிகாரப்பூர்வ சின்னம் ஒன்று உண்டு. நினைவு பேட்ச் வேறு ரகம். ஒரு போர், ஒரு வெற்றி, ஒரு விமானத்தின் கடைசிப் பறத்தல் என ஏதோ ஒன்றை நினைவில் வைக்கத் தைக்கப்படுவது அது.

சர்ச்சையான பேட்ச் எது?

2019 பிப்ரவரி 27-ல் சென்னையைச் சேர்ந்த அபிநந்தன் வர்தமான் மிக்-21-ல் சென்று பாகிஸ்தானின் எஃப்-16 விமானத்தை வீழ்த்தியதாக இந்தியா அறிவித்தது. அவருடைய 51-வது ஸ்குவாட்ரனுக்கு 'ஃபால்கன் ஸ்லேயர்ஸ்' என்ற பேட்ச் வந்தது. எஃப்-16-ன் பெயரில் ஃபால்கன் இருப்பதால் இந்தத் தலைப்பு. எஃப்-16 எதையும் இழக்கவில்லை என்கிறது பாகிஸ்தான். ஆக, பேட்ச் என்பது ஆதாரம் அல்ல. தங்கள் கதையை அந்தப் படைப்பிரிவே சொல்லிக்கொள்ளும் விதம். அரசின் அங்கீகாரம் தனியாக வந்தது: அபிநந்தனுக்கு வீர் சக்ரா, ஸ்குவாட்ரனுக்குப் பாராட்டுப் பத்திரம்.

விமானம் போனால் ஸ்குவாட்ரன் என்ன ஆகும்?

51-வது ஸ்குவாட்ரன் 2022 செப்டம்பரில் மிக்-21-ஐ விட்டது. இப்படி விமானம் இல்லாமல் போனால் எண்ணும் பெயரும் பத்திரமாக எடுத்து வைக்கப்படும். புது விமானம் வந்ததும் உயிர் பெறும். கோவை சூலூரே சாட்சி. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செக்கோனின் 18-வது ஸ்குவாட்ரன் 2016-ல் விமானமின்றி நின்றது. 2020 மே 27-ல் தேஜஸ் விமானங்களோடு சூலூரில் மீண்டும் எழுந்தது.

அப்போ கவலை எங்கே?

அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 போன பிறகு மிஞ்சியது 29 மட்டுமே. 2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ, விடைகொடுத்ததற்கு முந்தைய நாள் மேலும் 97 என ஆர்டர் போட்டாச்சு. ஆனால் 2024-ல் தொடங்கியிருக்க வேண்டிய விநியோகம், அமெரிக்காவிலிருந்து இன்ஜின் வரத் தாமதமானதால் இழுத்தது.

பேட்ச் தைக்க சில நாள் போதும். அதை அணிந்தவர் ஏறிப் பறக்க விமானம் வேணுமே!