பறையும் பறைந்தவர்களும்

யாழ்ப்பாணப் பேச்சில் 'பறைதல்' என்றால் பேசுதல். "என்ன பறையிறாய்?" என்று கேட்கையில் ஒரு தோற்கருவியின் பெயரையே உச்சரிக்கிறோம் என்பது பலரது நினைவுக்கு வருவதில்லை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. நெய்தலுக்கு உரியதாக உரைகாரர் குறிப்பது மீன்கோட்பறை.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என்று எமது தீவகமெங்கும் பறை செய்தி சொன்னது. தொலைபேசி எட்டாத காலத்தில் சாவை ஊருக்கு அறிவித்தது அந்த ஒலிதான். என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' எனத் தமிழாக்கிய சினுவா அச்செபேயின் நாவலை (1958) வாசித்தோர், நைஜீரியாவின் இக்போ மக்களிடையே முரசொலி ஊரைக் கூட்டுவதை அறிவர். ஒலிக்கு ஊர் செவிசாய்ப்பது இரு இடத்துக்கும் பொது. ஆனால், அடித்த கையை எம்மவர் எங்கே நிறுத்தினர்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவில் தவிலுக்கு மதிப்பான இடமுண்டு. தவில் மேதை தெட்சணாமூர்த்தியைக் (1933–1975) கொண்டாடிய சமூகம் நாம். அதே சமூகம் பறையடித்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்தியது. தவிலும் தோல், பறையும் தோல். வேறுபாடு கருவியில் இல்லை, சாதியில் இருந்தது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவு திறக்கப் போராட வேண்டியிருந்தது. சாவீட்டுப் பறையை இனித் தொடமாட்டோம் என்று இறக்கி வைத்தவர்களும் உண்டு. கலையைக் கைவிட்டார்கள் என்று அவர்களைக் குறைசொல்வது அநியாயம். பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியத்தையே அவர்கள் மறுத்தார்கள்.

1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வு தீவகத்தை வெறுமையாக்கியது. இன்று மரண அறிவித்தல் இணையத்தில் வருகிறது. பறையோ ரொறன்ரோவிலும் லண்டனிலும் பொங்கல் மேடை ஏறியிருக்கிறது. எம் பிள்ளைகள் அதை விரும்பிக் கற்பது மகிழ்ச்சியே. ஆயினும் மேடையில் 'ஆதித் தமிழிசை' என்று முழங்கிவிட்டு, மணப்பேச்சில் சாதி விசாரிக்கும் வழக்கம் நீடிக்குமானால் அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்?

ஊர்ச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்டு மலர்களில் அதிபர்கள், தர்மகர்த்தாக்கள், வணிகப் பெருமக்கள் படங்களைப் பார்க்கிறோம். உங்கள் ஊரில் பறையடித்த குடும்பங்களையும் தேடிச் சென்று, அவர்கள் சம்மதித்தால், அவர்களது வரலாற்றை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவுசெய்யுங்கள். இத்தனை காலம் ஊருக்காகப் பறைந்தவர்கள் தங்களுக்காகவும் பறையட்டும்.