விடைக்குறிப்பில் இல்லாத சடாயு

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு பறவை செத்துக் கிடக்கிறது. புள் என்றால் பறவை. ராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த சடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது திருப்புட்குழியின் ஐதீகம். காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச் சத்திரம் வந்தால் பக்கம். விஜயராகவப் பெருமாள் கோயில், ஜடாயு தீர்த்தம். வைத்தீஸ்வரன் கோயில்காரர்கள் எங்கள் ஊரில்தான் எரித்தது என்று ஜடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். கும்பகோணத்துப் பக்கம் புள்ளபூதங்குடியும் உரிமை கேட்கும். ஒரு கிழப்பறவையை மூன்று இடத்தில் எரித்திருக்கிறோம். யாரும் யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

மதிப்பெண் குறைத்தது வேறு இடத்தில். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு முடிந்து தமிழ் விடைத்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஊரில் யாருக்கு மார்க் குறைந்தாலும் திண்ணை ஏறிவிடுவார்கள். இந்த ஆண்டுப் பாடத்தில் கம்பராமாயணப் பகுதி, ராமன் பிற உயிர்களோடு கொண்ட உறவைப் பற்றியது. குகன், சடாயு, சவரி, வீடணன் என்று வரிசையாக வருவார்கள். அதிலிருந்து ஒரு நெடுவினா. இவள் மற்றவர்களை ஆளுக்கு இரண்டு வரியில் முடித்துவிட்டு, சடாயுவுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஒரு பத்தி இது:

"ராமனால் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க முடியவில்லை. காட்டில் இருந்தான். பரதன் ஊருக்கு வந்தும் அவனுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிட்டது. சத்ருக்கனன்தான் செய்தான். அதனால் சடாயுவுக்குச் செய்யும்போது ராமன் தசரதனுக்கும் சேர்த்துச் செய்கிறான் என்று நினைக்கிறேன்."

பத்தி முழுக்கக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் 'பாடத்தில் இல்லை'. 'என்று நினைக்கிறேன்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம். கடைசியில் 'உட்தலைப்பு எங்கே? முடிவுரை எங்கே?'

நான் அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். முப்பது வருடம் கம்பன் பாடம் நடத்தியவன், எனக்கு இது தோன்றவில்லை. வால்மீகியில் தசரதனுக்கு ஈமக்கடன் செய்பவன் பரதன். கம்பன் அதை மாற்றினான். தசரதன் பரதனையும் மகன் அல்லன் என்று துறந்துவிட்டான் என வசிட்டன் சொல்ல, கடைசிப் பிள்ளை சத்ருக்கனன் கொள்ளி வைக்கிறான். பெற்ற பிள்ளைகளில் மூத்தவனும் இல்லை, அடுத்தவனும் இல்லை. அதே கம்பனில்தான் சடாயு, தசரதன் இறந்த செய்தி கேட்டதும் தானும் உயிரை விடத் துணிகிறான். பிள்ளைகள் கெஞ்சித் தடுக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சிநேகிதனுக்கு மூத்த மகன் கையால் தீ கிடைக்கிறது. கம்பன் எதற்காக மூலத்தை மாற்றினான் என்ற கேள்விக்கு முழுப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது ஒரு வாசிப்பு. நூலுக்குள்ளிருந்தே ஆதாரம் காட்டும் வாசிப்பு. ஆய்வரங்கில் யாராவது சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம்.

"சத்ருக்கனன் சேதி உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கோயில்ல உபன்யாசத்துல சொன்னாங்க சார்."

அவள் அப்பா 2021இல் கொரோனாவில் போனவர். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய அண்ணனுக்கும் அப்போது காய்ச்சல், அவனை விடவில்லை. அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம்.

இப்போது நான் சண்டைக்கு வருகிறேன். திருத்திய ஆசிரியரோடு அல்ல. அந்தம்மா நாளைக்கு எத்தனை கட்டுத் திருத்துகிறார் என்று எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடங்களில் இலக்கியத்தைப் பற்றி எழுதுவது என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அதோடுதான் சண்டை.

நயம் பாராட்டுதல் என்றொரு கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் படித்த எல்லோரும் எழுதியிருப்பீர்கள். ஒரு கவிதையைக் கொடுப்பார்கள். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சந்த நயம், சுவை நயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம் மனப்பாடம். மோனைக்கு யானை, எதுகைக்கு வைகை. கவிதை எதுவாக இருந்தாலும் யானை வரும், வைகை வரும். முதலெழுத்து ஒன்றி வரும் இரண்டு சொல்லைப் பொறுக்கிக் கீழே எழுதினால் தீர்ந்தது. கவிதையைப் படிக்கவே வேண்டாம், மேலோட்டமாகப் பார்த்தால் போதும். மழையைப் பற்றிய கவிதைக்கும் மரணத்தைப் பற்றிய கவிதைக்கும் ஒரே முன்னுரை போட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை நான் உருவாக்கியிருக்கிறேன். ஆமாம், நான்தான். அந்த வாசகங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'அப்படியே எழுதுங்கடா, மார்க் எங்கயும் போகாது' என்று சொன்னவன். போகவில்லை. என் வகுப்பில் தமிழில் தோற்றவர்கள் குறைவு. வெளியே போய் ஒரு கவிதைப் புத்தகம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்க்கப் பயப்படுகிறேன்.

ஆசிரியர் குறிப்பும் இதே கதிதான். கம்பர் தேரழுந்தூர், ஆதரித்தவர் சடையப்ப வள்ளல், இயற்றிய நூல்கள் இன்னின்ன. ரேஷன் கார்டில் இருக்கும் விவரம் மாதிரி. வால்மீகி சொன்னதை இந்த மனிதன் எங்கே மாற்றினான், எதற்குத் துணிந்தான் என்பதல்லவா ஆசிரியரைப் பற்றிய கேள்வி? அது எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

மரபு, மரபு என்கிறோம். தமிழ் மரபில் மாணவன் அடங்கிப் போனதாக யார் சொன்னது? குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர். முன்னவர் சொன்னதே போதும் என்றிருந்தால் மணக்குடவரோடு நின்றிருக்கும், பரிமேலழகர் தேவைப்பட்டிருக்க மாட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணரை மறுத்துச் சேனாவரையர் எழுதியதைப் படித்துப் பாருங்கள். 'அவர்க்கு அது கருத்தன்று' என்ற தோரணையில் பக்கத்துக்குப் பக்கம் தகராறு. அதுதான் நம் திறனாய்வு.

எங்கள் ஊருக்கே வருவோம். யாதவப்பிரகாசரிடம் ராமாநுஜர் பாடம் கேட்டது திருப்புட்குழியில் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவன் கண்ணுக்கு உவமையாக 'கப்யாசம்' என்றொரு சொல். குரங்கின் பின்புறம் போல் சிவந்த என்று குரு பொருள் சொன்னார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவன் கண்ணிலிருந்து சூடாக ஒரு சொட்டு குருவின் உடம்பில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்றால், பொருள் அது இல்லை சுவாமி, கம் என்றால் நீர், நீரைக் குடிக்கும் கதிரவன் 'கபி', அவனால் மலர்ந்த தாமரை என்று சொல்லைப் பிரித்துக் காட்டினார். குருவுக்குக் கோபம் வந்தது. காசி யாத்திரை என்று கூட்டிப்போய்த் தீர்த்துக்கட்டப் பார்த்ததாகக் கதை நீள்கிறது. (அதற்கு ஒரு சிவப்புக் கோடு எவ்வளவோ தேவலை.) கடைசியில் அதே யாதவப்பிரகாசர் அதே மாணவனுக்குச் சீடராகி, கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது வேறு விஷயம். ஒரு சொல்லுக்கு மாணவன் சொன்ன வேறு பொருளை இந்த ஊர் ஆயிரம் வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே ஊர்ப் பிள்ளையின் விடைத்தாளில் வட்டம்.

1880இல் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாகப் பட்டியல் சொன்னார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. ஐயர் ஏட்டை எடுத்து உட்கார்ந்தார், புரியவில்லை. புரியாததைக் கேட்டுச் சமணர் வீட்டு வாசலுக்குப் போனார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தெரியவில்லை என்பதிலிருந்து தொடங்கிய வேலை அது. நம் விடைத்தாளில் 'இந்த வரி எனக்குப் புரியவில்லை, ஆனால் இப்படி இருக்கலாம்' என்று எழுத இடம் உண்டா?

பதில் தயாராக இருக்கும். லட்சக்கணக்கான தாள், ஒரே அளவுகோல் வேண்டாமா, ஆளுக்கொரு மாதிரி போட்டால் மறுகூட்டல், வழக்கு என்று போகுமே. நியாயம்தான். நானும் முகாமில் உட்கார்ந்து திருத்தியவன்தான். விடைக்குறிப்பைத் தாண்டிப் போட்டால் மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்பார். ஆனால் ஒரே ஒரு வினாவை, பாதி மதிப்பெண்ணுக்காவது, 'நீ என்ன நினைக்கிறாய், செய்யுளிலிருந்து காரணம் காட்டு' என்று விடுவதற்கு எது தடை? காரணம் இருக்கிறதா, செய்யுளில் அது இருக்கிறதா என்று இரண்டைப் பார்த்தால் போதும். மாணவன் சொல்வதை ஏற்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்குத் திருத்துபவர் கம்பனைப் படித்திருக்க வேண்டும். நமக்கு உண்மையான சங்கடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இப்போது கைப்பேசியில் கேட்டால் முன்னுரை, முடிவுரையோடு நயம் கொட்டுகிறது. பிள்ளைகள் சுயமாக எழுதுவதே இல்லை என்று புலம்புகிறார்கள். சுயமாக எழுதிய பத்தியின் மேல் கோடு கிழித்துவிட்டு இந்தப் புலம்பல் எதற்கு? கைப்பேசி எழுதித் தருவதை நாங்கள் முப்பது வருடம் முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "நீ எழுதினது சரிம்மா. ரொம்பச் சரி. ஆனா பப்ளிக்ல இத எழுதாத. உட்தலைப்பு போடு, அஞ்சு பேருக்கும் சமமா எழுது, முடிவுரை எழுது." கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை, வீட்டில் அம்மா ஒருத்தி சம்பாத்தியம். நான் வேறென்ன சொல்ல?

அவள் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இது எங்க சார் எழுதறது?"

ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதி வை, நான் படிக்கிறேன் என்றேன். மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று திண்ணைக்கு வந்தது. முதல் பக்கத்தில் சவரியைப் பற்றி ஒரு கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பனை இறக்கி வைத்திருக்கிறேன்.